பிறப்புச் சான்றிதழில் ஓர் இடைக்கோடு

தகப்பன் தமிழர், தாய் சீனர். குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகிறது. பிறப்பைப் பதிய வேண்டும். பெயர், பாலினம், பிறந்த நேரம் எல்லாம் நிரப்பியாயிற்று. 'இனம்' என்ற இடத்துக்கு வந்ததும் கை நிற்கிறது.

2011 ஜனவரிக்கு முன்பு சிங்கப்பூரில் அந்த இடத்தில் ஒரு சொல்தான் வரும். பெரும்பாலும் அது தகப்பனின் இனமாக இருக்கும். இப்போது இரண்டு சொற்களுக்கு நடுவே இடைக்கோடு போட்டுக்கொள்ளலாம். 'இந்தியர்-சீனர்' என்றோ 'சீனர்-இந்தியர்' என்றோ எழுதலாம். எது முன்னால் வரவேண்டும் என்பது பெற்றோரின் முடிவு. வீட்டுக்குள் அந்த வரிசைக்கு ஒரு பொருளும் இல்லை. பாட்டி ஒருத்தி தமிழில் தாலாட்டுவாள், இன்னொருத்தி சீனத்தில் கொஞ்சுவாள், குழந்தை இரண்டையும் கேட்டுத் தூங்கிவிடும். ஆனால் அதே பிள்ளை வளர்ந்து அரசு கட்டிய அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகும் நாளில், அந்தக் கட்டடத்தின் இன விகிதக் கணக்கில் சேர்வது இடைக்கோட்டுக்கு முன்னால் இருக்கும் சொல் மட்டுமே.

பல இனங்கள் கூடி வாழும் சமூகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே சிங்கப்பூரைக் காட்டுவது வழக்கம். காட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. இங்கே நான் பேச வருவது அந்தப் பெருமையின் உள்ளறையைப் பற்றி. ஒரு மனிதன் யார் என்பதை அரசு எப்படி எழுதிவைக்கிறது, அந்த எழுத்து எப்போது அவனுக்குக் குடையாகிறது, எப்போது கூண்டாகிறது என்பதைப் பற்றி. இந்தக் கேள்வியில் தமிழர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லர். அந்தக் குடையின் கீழ் நல்ல இடம் கிடைத்தவர்களில் நாமும் உண்டு.

நான்கு கட்டங்கள்

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று சிங்கப்பூர் தன் மக்களை நான்கு கட்டங்களில் வைத்திருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக 40 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0, மற்றவர் 3.2. அடையாள அட்டையில் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பக்கத்தில் இனமும் அச்சாகியிருக்கும்.

எண்களாகப் பார்க்கையில் கட்டங்கள் ஒழுங்காகத்தான் தெரிகின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் அப்படி இல்லை. 'இந்தியர்' என்ற கட்டத்தில் தமிழரும் மலையாளியும் பஞ்சாபியும் குஜராத்தியும் இருக்கிறார்கள். பாகிஸ்தான், வங்கதேச வழிவந்தவர்களும் அங்கேதான். சிங்களவரும் அங்கேதான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த இலங்கைத் தீவிலிருந்து வந்து குடியேறிய தமிழரும் சிங்களவரும் சிங்கப்பூரின் பெருங்கணக்கில் ஒரே இனம்.

மலாக்காச் செட்டிகளின் கதை இன்னும் நுட்பமானது. பல நூற்றாண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வணிகத்துக்குப் போன தமிழர்கள் அங்கேயே பெண் எடுத்து ஊன்றினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் சைவர்கள். மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் பேசுவதோ மலாய். பெண்களின் மரபுடை சாரோங் கெபாயா. சமையலில் தேங்காய்ப்பாலும் பெலாச்சான் சம்பாலும் இருக்கும். இவர்களில் சிங்கப்பூருக்கு வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையின்படி அந்த வீட்டுப் பிள்ளை இந்தியர். இந்தியர் கட்டத்துக்கு அரசு தந்த தாய்மொழி தமிழ். கொள்ளுப்பாட்டிக்கே தெரியாத மொழிக்குப் பள்ளியில் 'தாய்மொழிப் பாடம்' என்று பெயர். வீட்டில் உண்மையாகவே தாய் பேசும் மலாய், அவனைப் பொறுத்தவரை அடுத்த கட்டத்துக்காரருடைய மொழி.

இந்தக் கட்டங்களை வரைந்தது யார்? சுதந்திரச் சிங்கப்பூர் அல்ல. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நகர வரைபடத்துக்கு உத்தரவிட்டபோதே, ஆற்றின் ஒரு பக்கம் சீனர் கம்பம் (குடியிருப்பு), மேலே தென்னிந்தியச் சூலியாக்களின் கம்பம், கிழக்கே அரபியரும் பூகிஸ்காரரும், நல்ல சமநிலத்தில் ஐரோப்பியர் என்று பிரித்துக் கொடுத்தார். பிறகு கணக்கெடுப்பு அதிகாரிகள் வந்தார்கள். மலாயாக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த சமூகவியலாளர் சார்லஸ் ஹிர்ஷ்மன், பத்தாண்டுக்குப் பத்தாண்டு அந்தப் பட்டியல் மாறிக்கொண்டே வந்ததைக் காட்டியிருக்கிறார். 1891 கணக்கெடுப்பில் ஒரு தலைப்பு 'தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்' என்ற பொருளில் இருந்தது. தமிழர் முன்னே, மற்ற இந்தியர் பின்னே. இருபதாம் நூற்றாண்டில் அது 'இந்தியர்' என்று சுருங்கிவிட்டது. கரும்பலகையில் எழுதி அழிப்பதுபோலத்தான் இந்தச் சொற்களும் மாறியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் காலத்தில் எழுதியிருப்பது கல்வெட்டாகத் தெரிகிறது.

நாத்ராவும் மரியாவும்

கட்டங்கள் வெறும் அலுவலகப் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. அவற்றுக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது.

ஜாவாவில் 1937இல் டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. பெயர் மரியா ஹெர்டோக். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது, 1942இல், அவளை அமினா என்ற மலாய்ப் பெண் வளர்க்க எடுத்துக்கொண்டார். நாத்ரா என்ற பெயரில் முஸ்லிமாக, மலாய் பேசி அவள் வளர்ந்தாள். போர் முடிந்து பெற்றோர் தேடி வந்தார்கள். பெற்றவளும் வளர்த்தவளும் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். 1950 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பானது. அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுமியைக் கன்னிமாடத்தில் வைத்திருந்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. ஊர் கொதித்தது. 11ஆம் தேதி தொடங்கிய கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். சிறுமி அழுதுகொண்டே ஹாலந்துக்குப் போனாள். அவளை நாத்ரா என்பதா, மரியா என்பதா? அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை வேண்டும் என்று ஊரே பிடிவாதம் பிடித்ததுதான் அத்தனை சாவுக்கும் மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு ஓர் இடைக்கோடு கிடைக்கவில்லை.

1964 ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலம். சிங்கப்பூர் அப்போது மலேசியாவுக்குள் இருந்தது, அரசியல் மேடைகளில் இனப் பேச்சு சூடேறியிருந்தது. ஊர்வலத்தில் வெடித்த சீன-மலாய் மோதலில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும். இரண்டும் சேர்த்து 36 உயிர்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனிநாடானது.

இந்தப் பின்னணியில்தான் 1966இல் நாட்டின் உறுதிமொழியை எழுதியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னத்தம்பி ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். பத்திரிகையாளராக இருந்து நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானவர். அவர் மனைவி ஹங்கேரிப் பெண். இனம், மொழி, சமயம் எதையும் பாராமல் ஒன்றுபட்ட மக்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் சொல்லும் அந்த வாசகத்துக்கு முதல் வடிவம் கொடுத்தவர் அவர்தான். சிங்கப்பூரர் என்பது பாட்டன் வழியில் வருவதன்று, தானாகத் தேர்ந்து ஏற்பது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். காலையில் உறுதிமொழி சொல்லி முடித்த பிள்ளைகள், தாய்மொழிப் பாடவேளை வந்ததும் இனவாரியாகப் பிரிந்து வெவ்வேறு வகுப்பறைகளுக்கு நடக்கிறார்கள். ராஜரத்தினத்தின் கனவும் நிர்வாகத்தின் கட்டமும் ஒரே பள்ளிக்கூடத்தில் அறுபது ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன.

கீழ்த்தளத்தில் கல்யாணமும் கருமாதியும்

நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேர் குடியிருப்பது வீவக வீடுகளில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். அந்தக் கட்டடங்களின் கீழ்த்தளம் சுவரில்லாமல் திறந்து கிடக்கும். சனிக்கிழமை அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும், கோம்பாங் மேளம் கேட்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் சீன இறப்புச் சடங்கு, காகித வீடும் காகிதக் காரும் எரியக் காத்திருக்கும். மேலே ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். இந்தக் காட்சி தானாக அமைந்ததில்லை.

1980களின் நடுவில் சில புதுநகரங்களில் மலாய்க்காரர்களும் சிலவற்றில் சீனர்களும் மறுபடி ஒரே இடமாகக் குவியத் தொடங்கினார்கள். பழைய கம்பங்கள் சிமென்டில் திரும்பி வருவதை அரசு பார்த்தது. 1989இல் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இனவாரி உச்சவரம்பு. சீனர் வட்டாரத்தில் 84 விழுக்காடு, ஒரு கட்டடத்தில் 87. மலாய்க்காரர் 22, 25. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து, 2010இல் உயர்த்தப்பட்டபின், 12, 15.

இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்தினம் துணைப் பிரதமராக இருந்தபோது, 2015இல் ஒரு பன்னாட்டு அரங்கில், நாட்டின் சமூகக் கொள்கைகளிலேயே மக்கள் வாழ்க்கையில் மிகவும் தலையிடுவதும் மிக முக்கியமானதும் இதுதான் என்ற கருத்தைச் சொன்னார். இரண்டு பாதியும் உண்மை. சென்னையில் வீடு தேடி அலைந்து, சைவமா அசைவமா, எந்த ஊர், என்ன ஆள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தளர்ந்தவர்களுக்கு இந்தக் கொள்கையின் அருமை எளிதில் புரியும். பக்கத்துக் கதவைத் தட்டி உப்பு கேட்கும் வாய்ப்பை ஒரு சட்டம் உண்டாக்கித் தருமென்றால், அது சின்ன விஷயமில்லை.

ஆனால் இதற்கு விலை உண்டு, அந்த விலையை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை. ஒரு கட்டடத்தில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வீட்டை விற்கும் சீனர், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அதே தளத்தில் இருக்கும் தமிழர் விற்க வேண்டுமென்றால் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் நான்கில் மூன்று பேர் சீனர். மிச்சமிருக்கும் சின்னக் கூட்டத்துக்குள் வாங்குபவரைத் தேட வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கடைசியில் விலையைக் குறைக்க வேண்டும். நல்லிணக்கத்துக்கான செலவைச் சிறுபான்மையினரின் பணப்பையிலிருந்து எடுக்கும் ஏற்பாடு இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் குமுறல் இருந்தது. 2022 ஜனவரியில்தான், மிகவும் சிரமப்படும் சிறுபான்மை உரிமையாளர்களின் வீடுகளைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவித் திட்டம் வந்தது. இத்தனை தாமதம் ஆகியிருக்க வேண்டாம்.

நமக்குக் கிடைத்த குடை

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ் வாசகர்களுக்கு முன்னால் நேர்மையாகப் பேச வேண்டிய இடம் இதுதான்.

ஒன்பது விழுக்காட்டு இந்தியர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் மட்டுமே தமிழர். அந்தச் சிறு கூட்டத்தின் மொழி சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பண நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். வசந்தம் தொலைக்காட்சியும் ஒலி 96.8 வானொலியும் உண்டு. இது கெஞ்சிப் பெற்றதல்ல. திருவாரூரிலிருந்து போன கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கினார், 1950களில் தமிழர் திருநாளை ஊர்விழாவாக்கினார், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று தொழிலாளர்களைத் தூண்டினார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டினார். கூலி வேலை செய்தவர்கள் வெள்ளியும் காசுமாகக் கொடுத்தார்கள்.

இருந்தும், 'இந்தியருக்கு ஒரு மொழி' என்ற கட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த உழைப்புக்கு அரசியலமைப்பில் இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்கு உறுதியில்லை. நாம் பெற்றதன் மறுபக்கத்தை மலையாளிகளும் தெலுங்கர்களும் சுமந்தார்கள். வங்காளி, குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகிய ஐந்து மொழிகளுக்குப் பள்ளித் தேர்வில் பின்னாளில் இடம் கிடைத்தது. மலையாளமும் தெலுங்கும் இன்றும் அந்தப் பட்டியலில் இல்லை.

கட்டம் மொழிக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது, வீட்டுக்குள் மூச்சைத் தர அதனால் முடியவில்லை. நாட்டின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் மொத்தத்தில் 2.5 விழுக்காடு. இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். சீனரைவிடவும் மலாய்க்காரரைவிடவும் இது அதிகம்.

சீனர் கட்டத்துக்குள் நடந்தது இதைவிடக் கடுமை. ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று சந்துக்குச் சந்து வெவ்வேறு மொழி பேசியவர்கள் அவர்கள். 1979இல் பிரதமர் லீ குவான் யூ 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். வானொலியில் கான்டனீஸ் கதைசொல்லிகளின் குரல் 1980களின் தொடக்கத்தில் நின்றுபோனது. இன்று அந்த மொழிகள் எல்லாம் சேர்த்து வீட்டு மொழிகளில் 8.7 விழுக்காடுதான். ஹொக்கியன் மட்டுமே அறிந்த பாட்டியும், ஆங்கிலமும் மாண்டரினும் மட்டுமே அறிந்த பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாடையில் பேசிக்கொண்ட வீடுகள் எத்தனையோ. கட்டம் பெரியவர்களை ஒன்றாக்கிக் காட்டுவதற்குக் குடும்பத்துக்குள் இருந்த பாலத்தை எடுத்துக்கொண்டது. தமிழுக்கு வந்த கதியும் ஹொக்கியனுக்கு வந்த கதியும் வேறுவேறு என்றாலும், வேர் ஒன்றுதான். மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமல், இந்த இனம் இன்ன மொழியைப் பேச வேண்டும் என்று மேலிருந்து எழுதிக் கொடுத்தது.

அதிபரின் தகப்பனார்

2016இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். ஐந்து பதவிக்காலம் தொடர்ந்து ஒரு சமூகத்திலிருந்து அதிபர் வரவில்லையென்றால், அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும். 2017 தேர்தல் மலாய்க்காரருக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியின்றி அதிபரானார் ஹலிமா யாக்கோப், நாட்டின் முதல் பெண் அதிபர். தகப்பனை எட்டு வயதில் இழந்து, தாய்க்கு உணவுக் கடையில் உதவியபடியே படித்து மேலே வந்தவர். அவருடைய தகுதியைப் பேசியிருக்க வேண்டிய நாட்களில் ஊர் பேசியது வேறு. அவருடைய தகப்பனார் இந்திய முஸ்லிம் ஆயிற்றே, இவர் மலாய்க்காரரா?

சட்டம் இந்த இடத்தில் அட்டையைவிட அறிவோடு நடந்துகொண்டது. தன்னை மலாய்ச் சமூகத்தவராகக் கருதுபவரும், அந்தச் சமூகத்தால் பொதுவாக அப்படி ஏற்கப்படுபவரும் மலாய்க்காரர் என்பது அதன் வரையறை. தகப்பனும் பாட்டனும் யாரென்று அது கேட்கவில்லை. தானே சொல்வதும் பிறர் ஏற்பதும் போதும். நாட்டின் உச்சப் பதவிக்குப் போதுமான இந்த இலக்கணம், ஒரு சாதாரணப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு ஏன் போதவில்லை?

2023 செப்டம்பர் 1இல் ஒதுக்கீடு இல்லாத பொதுத் தேர்தல். எதிர்த்து நின்ற இருவரும் சீனர். யாழ்ப்பாண வழிவந்த தமிழரான தர்மன் 70.4 விழுக்காடு வாக்கு பெற்றார். வெறும் நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 2019இல், அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட், மூத்த தலைமுறை சீனரல்லாத ஒரு பிரதமருக்கு இன்னும் தயாரில்லை என்று பேசியிருந்தார். அதிபர் பதவியும் பிரதமர் பதவியும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்த வாக்குப்பெட்டி, மக்கள் கட்டங்களை எவ்வளவு தூரம் தாண்டிவிட்டார்கள் என்பதற்கு ஒரு சாட்சி.

கணக்கே வேண்டாமா?

அப்படியானால் இனத்தை எழுதுவதையே விட்டுவிடலாமா? பிரான்ஸ் அந்த வழியில்தான் போகிறது. குடியரசின் முன் எல்லாரும் பிரெஞ்சுக்காரர், அரசு யாருடைய இனத்தையும் கணக்கெடுக்காது. கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் 2005இல் பாரிஸ் புறநகர்கள் வாரக்கணக்கில் எரிந்தபோது, வட ஆப்பிரிக்கப் பெயருள்ள இளைஞனுக்கு வேலை கிடைக்காததை நிறுவ அரசின் கையில் முறையான கணக்கு இல்லை. எண்ணாத அநீதி இல்லாத அநீதியாகிவிடாது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் இட ஒதுக்கீடு இல்லை என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறுமுனையில் ருவாண்டா. பெல்ஜியம் 1930களில் அடையாள அட்டையில் ஹூட்டு, துட்சி என்று அச்சடித்துக் கொடுத்தது. 1994இல் சாலைத் தடுப்புகளில் நின்ற கொலையாளிகள் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று நான் சொல்ல வருவது இது. எண்ணுவது ஒரு வேலை, இன்னார் என்று தீர்ப்பது வேறொரு வேலை. சிங்கப்பூர் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டிருக்கிறது. 'இனம்' என்ற அந்த ஒரு சொல்தான் வீட்டு வரம்பையும், பிள்ளையின் தாய்மொழிப் பாடத்தையும், எந்தச் சமூக உதவி அமைப்புக்குச் சம்பளத்தில் பிடித்தம் போகும் என்பதையும் முடிவுசெய்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

வீட்டு வரம்பு இருக்கட்டும். வாடகை விளம்பரத்தில் இந்தியருக்கு வீடு இல்லை என்று எழுதும் ஆட்கள் இருக்கும்வரை அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் நட்டத்தைப் பொதுப்பணம் தாங்க வேண்டும். சிறுபான்மையினர் ஒருவராவது வேட்பாளர் அணியில் இருக்க வேண்டும் என்று 1988இல் வந்த குழுத்தொகுதி முறையும் இப்போதைக்கு இருக்கட்டும். தாய்மொழிப் பாடத்தை மட்டும் இனத்திலிருந்து உடனே பிரிக்க வேண்டும். செட்டிப் பிள்ளை மலாய் படிக்கட்டும். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைக்கு ஆசை இருந்தால், சிறப்பு அனுமதிக்கு அலையாமல் தமிழ் வகுப்பில் உட்காரட்டும். அப்படிச் செய்தால் தமிழ் வகுப்புகள் காலியாகிவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்களின் கவலை எனக்குப் புரிகிறது, அது பொய்க் கவலையும் அல்ல. ஆயினும், வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்த பிள்ளைகளை வைத்து நாற்பது ஆண்டு பார்த்துவிட்டோம். 2.5 என்ற எண் அந்தச் சோதனையின் முடிவு.

இனத்தைத் தொட்டு 2025இல் சிங்கப்பூர் இரண்டு சட்டங்களை இயற்றியது. பிப்ரவரியில் வந்தது இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம். அதைவிட என்னைக் கவர்ந்தது ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம். இனம், மொழி, சமயம், நாடு போன்ற காரணங்களால் ஒருவரை வேலையில் ஒதுக்குவது சட்டப்படி தவறு என்கிறது அது. இவர் எந்தக் கட்டம் என்று தீர்மானிக்காமலே, இவருக்கு நடந்தது அநீதியா என்று மட்டும் கேட்க முடியும். நான் கேட்கும் திசை இதுதான்.

ஞாயிறு மாலை

டெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1820களின் இறுதியில் கட்டியது. சில அடி நடந்தால் சீன மாலுமிகள் கடல்தெய்வம் மாஸுவுக்கு எழுப்பிய தியான் ஹோக் கெங் கோயில். அப்போது அந்தத் தெருவை ஒட்டியே கடல் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்த்ததற்கு நன்றி சொல்ல முதலில் நுழைந்த இடங்கள் அவை. இந்தத் தீவில் எல்லாரும் ஒரு காலத்தில் வந்து இறங்கியவர்கள்தான்.

இன்றும் இறங்குகிறார்கள். ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலைக்குப் போனால் தெரியும். டெக்கா சந்தையிலிருந்து வீராசாமி சாலை வரை, நடைபாதையிலும் புல்திடலிலும் கட்டுமானத் தொழிலாளர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, கடலூர்ப் பேச்சு காதில் விழும். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வரிசை, கைபேசித் திரையில் குழந்தையின் முகம்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். தொழிலாளர்களை விடுதிக்குக் கொண்டுபோகும் பேருந்து அது. கூட்டம் கொந்தளித்து வண்டிகளைக் கொளுத்தியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர் பார்க்காத கலவரம். அதன்பின் அந்த வட்டாரத்தில் மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது, விடுதிகளுக்குள்ளேயே கடைகளும் விளையாட்டிடங்களும் பெருகின. உள்ளூர்த் தமிழர்களில் சிலர், அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று விளக்கிக்கொண்டார்கள். 2020இல் கொரோனா பரவியபோது தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் இருந்த தொழிலாளர்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள்.

வீட்டு வரம்பில் அவர்கள் இல்லை. வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர்கள் கல்யாணம் நடப்பதில்லை. எந்த மொழி வீட்டில் அதிகம் பேசப்படுகிறது என்ற கணக்கெடுப்பு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தீவிலேயே தமிழ் அதிகச் சத்தமாகக் கேட்கும் அந்த ஞாயிறு மாலைத் திடல், 2.5 விழுக்காட்டுக்குள் வராது. எட்டு மணி தாண்டியதும் விடுதிப் பேருந்துகள் வரிசையில் வந்து நிற்கும். பிளாஸ்டிக் பைகளில் மளிகையும் ஊருக்கு அனுப்ப வாங்கிய துணியுமாக ஏறி உட்காருவார்கள். துவாஸ் பக்கம் போகும் வண்டி கிளம்பும்போது பின்இருக்கையில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார், தமிழில்.